பகலை இழந்த பிள்ளைகள்

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நம் ஊர்த் தெருமுனையில் நின்று பார்ப்போர் ஒன்றைக் காணாமலிருக்க முடியாது. பத்து வயது நிரம்பாத சிறுவர் சிறுமியரின் மூக்கில் கண்ணாடி ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்வரை கண்ணாடி என்பது குர்ஆன் ஓத அமரும் நன்னிமார்க்கும், கடைக் கணக்குப் பார்க்கும் நன்னாமார்க்கும் உரிய பொருளாயிருந்தது. அது வெள்ளெழுத்துக்கான கண்ணாடி. நாற்பதைக் கடந்த எவருக்கும் வரக் கூடியது. பிள்ளைகள் இன்று அணிவது வேறு வகை. கையிலுள்ள புத்தகம் தெளிவாகத் தெரியும், கரும்பலகை தெரியாது. பக்கத்திலிருக்கும் தோழனின் முகம் தெரியும், தெருக்கோடியில் வரும் வாப்பாவின் முகம் தெரியாது. இதனையே கிட்டப்பார்வை என்கிறோம். பெயரைக் கேட்டு, கிட்டத்தில் உள்ளது தெரியாத நோய் என்று தலைகீழாகப் பொருள் கொள்வோர் படித்தவர்களிலும் பலர் உண்டு.

இது ஏன் வந்தது என்று கேட்டால் நம் வீடுகளில் விடை தயாராக இருக்கிறது. “எல்லாம் அந்தச் செல்போனால் வந்த வினை!” உம்மா சொல்கிறார், வாப்பா ஆமோதிக்கிறார், ஜும்ஆ மேடையிலும் அதுவே ஒலிக்கிறது. இந்த விடையில் ஒரு வசதி இருக்கிறது. குற்றம் முழுவதும் பிள்ளையின் தலையிலும், ஏதோ ஓர் அயல்நாட்டுக் கம்பெனியின் தலையிலும் போய் விழுந்துவிடுகிறது. வீடு கட்டியவர்களுக்கும், பள்ளிக்கூடம் நடத்துவோருக்கும், மதரஸாவுக்கு நேரம் குறித்தோருக்கும் அதில் பங்கில்லை என்றாகிவிடுகிறது. இந்த விடை அரை உண்மை என்பதும், மறைந்து நிற்கும் மறு பாதியே பெரிது என்பதும் நமது வாதம்.

செல்போன்தான் மூலம் என்றால், அது பிறப்பதற்கு முன்பே இந்நோய் பெருகிய நாடுகளுக்கு என்ன விடை சொல்வது? தைவானில் நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு 1983இல் நடந்தது. பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் பெரும்பாலோருக்குக் கிட்டப்பார்வை இருப்பதை அப்போதே கண்டார்கள். சிங்கப்பூரும் அக்காலத்திலேயே இராணுவத்துக்கு ஆளெடுக்கும்போது இதை அறிந்துகொண்டது. அவர்கள் கையில் அன்று போனும் இல்லை, டேப்லெட்டும் இல்லை. இருந்தவை பாடப் புத்தகம், தேர்வு, டியூஷன், அடுக்குமாடி வீடு. 2010இல் தென்கொரியத் தலைநகர் சியோலில் இராணுவச் சோதனைக்கு வந்த 19 வயது இளைஞர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அவர்களுடைய கண்கள் நீளத் தொடங்கிய வயதில் திறன்பேசி கடைக்கே வந்திருக்கவில்லை.

“பரம்பரை” என்பது அடுத்த விடை. பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகுதி என்பது மெய்தான். ஆனால், வட அலாஸ்காவின் பாரோ ஊரில் எஸ்கிமோ மக்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட முடிவு என்ன சொல்கிறது? முதியோரிடம் கிட்டப்பார்வையைக் காண்பதே அரிதாயிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன அவர்களுடைய பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் பாதிக்குமேல் அந்நோய் கண்டிருந்தது. இரத்தம் ஒரு தலைமுறையில் மாறிவிடாது, மாறியது வாழ்முறை.

கண்ணுக்குள் நிகழ்வதைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். பிறக்கும்போது விழிக்கோளம் முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 17 மில்லி மீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்து முடியும்போது 24 மில்லி மீட்டருக்கு அருகில் வந்து நிற்க வேண்டும். அது நிற்காமல் நீண்டுகொண்டே போனால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்னமே குவிந்துவிடுகிறது, காட்சி மங்குகிறது. ஒரு மில்லி மீட்டர் கூடுதலாக நீண்டால் கண்ணாடியின் பவர் இரண்டரை, மூன்று டயாப்டர் ஏறும். ஒருமுறை நீண்ட கண்ணை மீண்டும் சுருக்கிவிட முடியாது. ஏழு வயதில் தொடங்கியவனுக்கு நீள்வதற்கான ஆண்டுகள் மிகுதியாகக் கிடைப்பதால், பதினான்கில் தொடங்கியவனைவிட அவன் எண் உயர்ந்தே முடியும். ஆறு டயாப்டரைத் தாண்டியோருக்கு விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அது பிய்ந்து விலகுதல், கண்ணழுத்த நோய், நடுப்பார்வை அழிதல் ஆகிய ஆபத்துகள் நடுவயதில் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. “ஒரு கண்ணாடிதானே, போட்டால் போயிற்று” என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த விழிக்கோளத்தை உரிய அளவில் நிறுத்துவது எது? அண்மை ஆண்டுகளின் ஆராய்ச்சிகள் ஒரே திசையைச் சுட்டுகின்றன. அது பகல் வெளிச்சம். வெளிச்சம் வலுவாக விழும்போது விழித்திரையில் டோபமின் என்னும் பொருள் சுரக்கிறது. கண் அளவுக்கு மீறி நீள்வதை அது தடுக்கிறது என்று விலங்குகளிடம் செய்த சோதனைகள் காட்டுகின்றன. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஆறேழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை இரு நகரங்களில் ஒப்பிட்டது. சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நூற்றுக்கு 3 பேருக்கே. இனம் ஒன்று, பெற்றோரின் கண்களும் ஏறத்தாழ ஒன்று. புத்தகம் அதிகம் படித்தவர்கள் சிட்னிப் பிள்ளைகள்தாம் என்பது இதில் வியப்பு! வேறுபாடு ஒன்றே: சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணி நேரமே இருந்தார்கள்.

சீனத்துக் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு சாராருக்கு நாள்தோறும் 40 நிமிடம் வெளியில் இருக்கும் வகுப்பைச் சேர்த்தார்கள். மூன்றாண்டு கழித்து 2015இல் வெளியான முடிவின்படி, வழக்கம்போல் படித்தவர்களில் நூற்றுக்கு முப்பத்தொன்பதுக்கு மேல் புதிதாகக் கிட்டப்பார்வை. வெளியில் சென்றவர்களில் முப்பது. மருந்தில்லை, ஊசியில்லை, செலவில்லை. தைவான் 2010இல் தொடங்கி, நாளுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியில் விடும் திட்டத்தை நாடெங்கும் கொண்டுவந்தது. பல்லாண்டுகளாக ஏறியே வந்த பார்வைக் குறைவு அதன்பின் இறங்கத் தொடங்கியது.

இங்கே நம் தாய்மார்கள் வெயிலைக் காரணம் காட்டுவார்கள். சித்திரை வெயிலில் பிள்ளையை நிறுத்துங்கள் என்று எவரும் சொல்லவில்லை. வகுப்பறையின் வெளிச்சத்தை அளந்தால் முந்நூறு, ஐந்நூறு லக்ஸ் இருக்கும். வேப்பமர நிழலில் சில ஆயிரங்கள் இருக்கும். திறந்த வெளியில் பத்தாயிரங்களைத் தாண்டும். நிழலே போதும். சூரியனை நேரே பார்க்கவும் வேண்டாம், வெந்து வாடவும் வேண்டாம். குளிர்நாட்டார் தவமிருந்து பெறும் வெளிச்சம் நம் வாசலில் ஆண்டு முழுவதும் கொட்டிக் கிடக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே குழல் விளக்கை ஏற்றி வைத்து, அதன்கீழ்ப் பிள்ளையைக் குனிய வைத்திருப்பவர்கள் நாம்.

நம் நாட்டு நிலையையும் பார்ப்போம். டில்லியில் பள்ளி வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டபோது கிட்டப்பார்வை நூற்றுக்கு ஏழு என்ற அளவில் இருந்தது. 2015இல் அதே நகரின் பள்ளிகளில் எடுத்த வேறோர் ஆய்வில் பதின்மூன்று. அரசுப் பள்ளிகளைவிடத் தனியார் பள்ளிகளில் மிகுதி. வாரத்துக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடும் பிள்ளைகளிடம் குறைவு. கட்டணம் கட்டிச் சேர்த்த பள்ளியில் கண் விரைவாகக் கெடுகிறது என்பதை, கட்டணம் கட்டும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இனி நம் வீட்டுக்குள் வருவோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் நம் முன்னோர் கட்டிய வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருந்தது. கோஷா முறை கண்டிப்பாக இருந்த காலத்திலும் பெண்பிள்ளைகள் அந்த முற்றத்தில் ஓடினார்கள், பாண்டி ஆடினார்கள், பாய் விரித்துப் பாடம் படித்தார்கள். பர்தாவும் பகல் வெளிச்சமும் ஒன்றையொன்று விரட்டவில்லை. பின்னர் வளைகுடாப் பணம் வந்தது. முற்றத்தின்மேல் காங்கிரீட் தளம் ஏறியது. சன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி வந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகு அந்தச் சன்னலும் திறப்பதில்லை. சம்பாதித்து அனுப்பியவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வீட்டின் பெருமையை மார்பிள் தரையால் அளந்த நாம் வெளிச்சத்தால் அளக்கவில்லை என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதை எண்ணிப் பாருங்கள். மஃரிபு பாங்கு கேட்டால்தான் வீடு திரும்புவது என்பது சிறுவர் உலகின் எழுதாத சட்டமாக இருந்தது. இன்று அப்பொழுதில் டியூஷன் இருக்கிறது. டியூஷன் இல்லாவிட்டால் ஓதும் பள்ளி இருக்கிறது. இரண்டும் முடிந்தால் இருட்டிவிடுகிறது. காலையில் சுபுஹுக்குப் பின் மக்தப், எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன், மாலையில் மறுபடியும் அறை. ஐந்து வயதுப் பிள்ளை வாரத்தின் ஆறு நாட்களில் வேனுக்கு நடக்கும் இருபது அடி தூரத்தில்தான் பகலைக் காண்கிறது. கைதிகளுக்குக்கூட உலாவும் நேரம் உண்டு.

மார்க்கக் கல்வியைக் குறைக்கச் சொல்கிறோம் என்று எவரும் திரித்துக்கொள்ள வேண்டாம். ஆயினும் ஒன்றைத் துணிந்து கேட்கத்தான் வேண்டும். ஜெரூசலத்தில் பதின்வயது யூத மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1993இல் வெளிவந்தது. சமயப் பள்ளியில் நாள் முழுவதும் வேதநூலின் மீது குனிந்து படிக்கும் சிறுவரில் ஐவரில் நால்வருக்குக் கிட்டப்பார்வை. அதே குடும்பங்களைப் போன்ற சமயப்பற்றுள்ள வீடுகளின் பெண்பிள்ளைகளில் மூவரில் ஒருவர் அளவே. பொதுப் பள்ளியில் படிக்கும் ஆண்பிள்ளைகளிலும் அதைவிடக் குறைவு. வேதம் அவர்கள் கண்ணைக் கெடுக்கவில்லை. இடையீடின்றிக் குனிந்திருந்த நேரம் கெடுத்தது. நம் ஹிஃப்ளு மதரஸாக்களில் பத்து வயதுப் பாலகர் எப்படி அமர்ந்திருக்கிறார்கள்? தாழ்ந்த ரேஹால், சிறிய எழுத்து முஸ்ஹஃப், மங்கிய விளக்கு, காலை முதல் இரவு வரை. ஆனால் மற்றெந்தக் கல்விக்கும் இல்லாத ஒரு பேறு ஹிஃப்ளுக்கு உண்டு: மனனம் செய்ததை ஒப்புவிக்கக் கண்ணே தேவையில்லை! பழைய பாடத்தைத் திருப்பி ஓதுவதைப் பள்ளிவாசல் முற்றத்தில் நடந்துகொண்டே செய்யலாம். ஹவுளுக் கரையில், மரத்தடியில் செய்யலாம். உஸ்தாதின் செவிக்கு அது குறைவாகக் கேட்டுவிடாது. குர்ஆனைச் சுமக்கப் போகும் பிள்ளையின் கண்ணைப் பற்றி அந்தக் குர்ஆனுக்கு உரியவன் நம்மிடம் கேட்க மாட்டானா? செவியும் பார்வையும் பற்றி விசாரணை உண்டென்பதை ஓதாத வீடு நம்மிடையே ஏது?

நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வக்ஃபு நிலத்திலும் தனவந்தர் கொடையிலும் விளையாட்டுத் திடலோடு எழுந்தவை பல. மாணவர் பெருகப் பெருகத் திடலின் மேல் கட்டடம் எழுகிறது. மிஞ்சிய இடத்தில் வேன்கள் நிற்கின்றன. விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குகிறார்; அந்தக் கடன் திருப்பிக் கட்டப்படுவதே இல்லை. மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் சேர்த்து, நான்கு வயதில் நான்கு கோடு நோட்டில் வீட்டுப்பாடம் எழுத வைப்பதைத் தரம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். பெற்றோரும் அதையே தரம் என்று நம்பிக் கேட்டு வாங்குகிறார்கள்.

செல்போனை நாம் விடுதலை செய்துவிட்டதாக எண்ண வேண்டாம். 2020இல் தொற்றுக்காக வீடடைந்த காலத்தைப் பற்றிச் சீனத்து ஃபெய்செங் நகரில் பார்த்தார்கள். முந்தைய ஆண்டுகளில் ஆறு வயதினரில் மிகுதியாகப் போனால் நூற்றுக்கு ஆறு பேருக்கிருந்த கிட்டப்பார்வை, அவ்வாண்டில் இருபத்தொன்றைத் தாண்டியது. கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் திரை, வெளியே போக வழியில்லை. இரண்டும் கூடியதன் விளைவு அது. போனைப் பிடுங்கி வைத்துவிட்டு அதே அறையில் அதே பிள்ளையிடம் வழிகாட்டி நூலைக் கொடுத்து உட்கார வைத்தால் கண்ணுக்குப் பெரிய இலாபமில்லை என்பதே நாம் சொல்வது.

பெண்பிள்ளைகளின் நிலைமை இதனினும் கொடிது. எட்டு வயதிலேயே “பொட்டப்பிள்ளைக்கு வெளியில் என்ன வேலை? கருத்துப் போவாய்” என்று உள்ளே இழுத்துக்கொள்கிறோம். உள்ளே இருந்தே கண் கெடுகிறது. கெட்ட பிறகு கண்ணாடி வாங்கித் தர மறுக்கிறோம். பெண் பார்க்க வருவோர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். வாங்கித் தந்தாலும், விருந்தினர் வந்தால் கழற்றி ஒளிக்கச் சொல்கிறோம். கைக்கூலி வாங்கும் அதே வாய், “பெண்ணுக்குக் கண்ணாடி உண்டோ?” என்றும் கேட்கிறது, அதற்கும் சேர்த்து விலை பேசுகிறது. பையனின் கண்ணாடி படிப்பாளியின் அடையாளம். பெண்ணின் கண்ணாடி ஊனம்! நிக்காஹ்வுக்கு முன் அவசர அவசரமாக லேசர் செய்துகொள்ளும் வழக்கமும் வந்துவிட்டது. தக்க வயதில், மருத்துவர் தகுதி பார்த்துச் செய்வதில் தவறில்லை. ஆனால் லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றும். நீண்ட விழிக்கோளம் நீண்டபடியே இருக்கும். மெலிந்த விழித்திரை மெலிந்தபடியே இருக்கும். கண்ணாடி போனது, இனிக் கண் மருத்துவரே வேண்டாம் என்று இருந்துவிடுவது ஆபத்து. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். மேடையில் வியந்து பேசவும் செய்கிறோம். எட்டு வயதுச் சிறுமி மொட்டை மாடியில் ஓடுவதை மட்டும் நம்மால் பொறுக்க முடிவதில்லை.

கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும் என்ற நம்பிக்கையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் 2002இல் வெளியிட்ட சோதனையில், வேண்டியதைவிடக் குறைந்த பவர் கொடுத்த பிள்ளைகளுக்கே கண் விரைவாகக் கெட்டது. காரட்டும் பொன்னாங்கண்ணியும் உடம்புக்கு நல்லவை; வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அவை உதவும்; நீண்ட விழியைக் குறுக்கமாட்டா. கண் பயிற்சியா? சீன நாட்டுப் பள்ளிகள் 1963 முதல் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு நாள்தோறும் அதைச் செய்வித்தன. அந்நாட்டில் கிட்டப்பார்வை பெருகியதுதான் மிச்சம். சுர்மா இடுவதை ஸுன்னத்தென்று இடுவோர் இடட்டும். அதைக் கிட்டப்பார்வைக்கு மருந்தென்று விற்போரை நம்ப வேண்டாம். கடையில் கிடைக்கும் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் கலந்திருப்பதால் பிள்ளைகளுக்கு இடுமுன் ஒன்றுக்கு இரண்டுமுறை யோசிப்பது நல்லது.

நம் மேடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீலாது விழாக்களில் இப்னுல் ஹைதமின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத பேச்சாளர் குறைவு. 965இல் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் இருந்து ‘கிதாபுல் மனாளிர்’ எழுதிய மேதை அவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்க்கிறோம் என்று நிறுவினார். உருவம் விழித்திரையில் விழுகிறது என்பதையும், கிட்டப்பார்வை ஏன் உண்டாகிறது என்பதையும் 1604இல் கெப்ளர்தான் விளக்கினார். அதைப் பெருமைக்காக மறைக்க வேண்டியதில்லை. இப்னுல் ஹைதம் சொன்னதைக் கேட்டு ஆயிரம் ஆண்டாகப் பெருமிதம் கொள்ளும் நமக்கு, கண்ணுக்கு வெளியிலிருந்து ஒளி வந்தாக வேண்டும் என்ற அவருடைய முதற்பாடம் மட்டும் ஏறவில்லை.

நோய் வருமுன் காப்பது ஒன்று. வந்ததைக் கண்டுபிடிப்பது மற்றொன்று. தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரியாது. உலகமே மங்கல் என்று அது எண்ணிக்கொள்ளும். கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியாதவனை மக்கு என்று கடைசி வரிசைக்கு அனுப்புகிறார் ஆசிரியர். அங்கே அவனுக்கு இன்னும் தெரியாது. சீனத்தின் கான்சு, ஷான்சி மாகாணங்களில் கண் குறைவுள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கணக்கு மதிப்பெண் உயர்ந்ததை 2014இல் வெளியிட்டார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கு இலவசமாகக் கண் பரிசோதித்துக் கண்ணாடி வழங்கும் ஏற்பாடு நம் மாநிலத்திலும் உண்டு. கொடுத்த கண்ணாடி பையிலேயே கிடக்கிறதா, மூக்கில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டியது வீடு. பவர் ஏறும் வேகத்தைக் குறைக்க, மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் இன்று இருக்கிறது. அதைக் கண் மருத்துவர்தான் தர வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதன்று.

இதற்கெல்லாம் மாநாடு கூட்டித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதில்லை. நோன்புக்குப் பின் ஷவ்வாலில் மதரஸாக்கள் திறக்கின்றன. நம் ஊர் ஜமாஅத்துகள் அந்த ஒரு வாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சுவரில் ஓர் எழுத்து அட்டை, இருபதடி தூரத்தில் தரையில் ஒரு கோடு, ஒரு கண்ணை மூடிக்கொள்ள ஓர் அட்டைத் துண்டு. எழுத்தறியாச் சிறுவருக்கு, கை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று காட்டச் சொல்லும் அட்டை கிடைக்கிறது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரால் ஒரு காலைப் பொழுதில் ஐம்பது பிள்ளைகளைப் பார்த்துவிட முடியும். வரிசை படிக்கத் திணறியவர்களின் பெயரை எழுதி, வாப்பா வெளிநாட்டிலிருந்தால் உம்மாவிடமே கொடுத்து, அந்த வாரமே கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பெண்பிள்ளைகளின் பெயர்கள் அந்தப் பட்டியலில் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனை முடியும் நாளிலேயே நிர்வாகிகள் மாலை வகுப்பின் நேரத்தையும் எடுத்து வைத்துப் பேசலாம். அதை மஃரிபுக்குப் பின் தள்ளிவைக்க என்ன தடை என்று உஸ்தாதுமாரைக் கேட்கலாம்.